ஐ-20 கையில் வந்தால் போதுமா?

கணவருக்கு ஹெச்-1பி வேலை விசா, மனைவிக்கு அவரைச் சார்ந்து வரும் ஹெச்-4 விசா. அமெரிக்கா வந்து வீடு, கார் எல்லாம் அமைந்த பிறகு அநேகமாக எல்லா வீட்டிலும் எழும் பேச்சு, "ஒரு மாஸ்டர்ஸ் சேரலாமா?" என்பதுதான். தாராளமாகச் சேருங்கள். பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

நம் ஊரில் யுஜிசி, ஏஐசிடிஇ என்று அரசே பார்த்துக்கொள்ளும். இங்கே அப்படி இல்லை. அங்கீகாரம் தருபவை தனியார் அமைப்புகள். அவற்றில் எவை செல்லும் என்பதை அமெரிக்க மத்தியக் கல்வித் துறை முடிவு செய்கிறது. போலிப் பல்கலைக்கழகங்களுக்குச் சான்று தருவதற்கென்றே போலி அங்கீகார அமைப்புகளும் இருக்கின்றன. ஆகவே கல்லூரியின் விளம்பரத்தில் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று இருந்தால் போதாது. கல்வித் துறையின் இணையதளத்தில் கல்லூரிப் பெயரைத் தேடுங்கள். வராவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள்.

"ஐ-20 (மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம்) கொடுக்கிறார்களே, அரசு அனுமதி இல்லாமலா?" என்பார்கள். நம்மவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதியைக் கொடுப்பது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. அது வேறு, அங்கீகாரம் வேறு. கலிபோர்னியாவில் பிளசன்டன் நகரில் இருந்த ட்ரை-வேலி பல்கலைக்கழகத்துக்கு முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. 2011 ஜனவரியில் அதிகாரிகள் சோதனை போட்டு அதை மூடினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஆந்திரப் பிள்ளைகளே அதிகம். சிலருக்குக் காலில் கண்காணிப்புக் கருவி மாட்டினார்கள். கடன் வாங்கி அனுப்பிய பெற்றோரை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. பல்கலைக்கழகத்தை நடத்தியவருக்கு 2014இல் 16 ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை கிடைத்தது.

படித்து முடித்த பிறகும் இது தொடரும். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டதாரிகளுக்கான 24 மாத ஓபிடி (மாணவர் விசாவில் படித்தவர்கள் தம் துறையில் வேலை செய்யும் அனுமதி) நீட்டிப்புக்கு அங்கீகாரம் கட்டாயம். ஹெச்-1பியில் அமெரிக்க முதுகலைப் பட்டத்துக்கென ஒதுக்கிய 20,000 இடங்களுக்கு இன்னும் ஒரு படி மேலே: அரசுப் பல்கலைக்கழகமாகவோ லாப நோக்கமற்றதாகவோ இருக்கவேண்டும். பட்டம் வாங்கும்போதே அந்தத் தகுதி இருக்கவேண்டும். பிறகு வந்தால் செல்லாது. "அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்று சொல்லும் இடத்தில் சேராதீர்கள்.

நர்சிங் போன்ற படிப்பென்றால் உங்கள் மாநில நர்சிங் வாரியம் அந்தப் படிப்பை ஏற்கிறதா என்றும் கேளுங்கள். உரிமத் தேர்வு எழுத அது வேண்டும்.

ஹெச்-4 உள்ளவர்கள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறாமலேயே படிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ஓரிரு பாடம் எடுத்துப் பாருங்கள். பின்னால் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போக நினைக்கிறீர்களோ, அவர்களிடம் "இந்தக் கிரெடிட்டை ஏற்பீர்களா?" என்று இப்போதே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.