பகுதியை உடைத்துப் பாருங்கள்: முடிவுறு தசமமும் √3-ம்

7/80 முடிவுறு தசமமா என்று கேட்டால் பலர் உடனே நீள்வகுத்தலில் இறங்கிவிடுகிறார்கள். தேவையே இல்லை. பகுதியை, அதாவது கீழே இருக்கும் 80-ஐ மட்டும் பகாக் காரணிகளாக உடைத்துப் பாருங்கள்: 2⁴ × 5. இதில் 2-ம் 5-ம் தவிர வேறு எதுவும் இல்லை, அதனால் முடிவுறும்.

ஏன் என்று தெரிந்தால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு தசமம் முடிகிறது என்றால் அதன் பகுதியை 10, 100, 1000 என்று எழுத முடிகிறது என்று அர்த்தம், அந்த 10 என்பதோ 2 × 5. 80-இல் 2 நான்கு முறை இருக்கிறது, 5 ஒரே ஒரு முறைதான். குறைகிற மூன்று 5-களைச் சேர்க்க மேலும் கீழும் 125-ஆல் பெருக்கினால் 875/10000, அதாவது 0.0875. எத்தனை இடத்தில் முடியும் என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது: 2, 5 இரண்டின் அடுக்குகளில் எது பெரியதோ அத்தனை இடம். 5/12-இல் பகுதிக்குள் 3 இருக்கிறது. 10-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் அதற்குள் 3 வராது, எனவே 0.41666... என்று போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். 33/60-ஐப் பார்த்ததும் 60-இல் 3 இருக்கிறதே, முடிவுறாது என்று எழுதிவிடாதீர்கள். முதலில் சுருக்குங்கள்: 11/20, அதாவது 0.55. மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

முடியாத பின்னங்கள் கட்டாயம் சுழலும். 7-ஆல் வகுக்கும்போது மீதி 1 முதல் 6 வரை ஏதாவது ஒன்றுதான், ஏழாவது முறைக்குள் ஒரு மீதி திரும்ப வந்தே ஆக வேண்டும். 1/7-க்கு 142857 திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். ஆக, விகிதமுறு எண்ணின் (முழு எண்களால் ஆன பின்னமாக எழுத முடிகிற எண்ணின்) தசமம் ஒன்று முடியும், அல்லது சுழலும்.

சரி, √3? கால்குலேட்டர் 1.7320508 என்று காட்டும். சுழற்சி இன்னும் பத்து இலக்கம் தள்ளித் தொடங்காது என்று யார் சொன்னது? இலக்கங்களைப் பார்த்து இதை முடிவு செய்யவே முடியாது, நிரூபணம்தான் வேண்டும்.

√3 விகிதமுறு எண் என்றே வைத்துக்கொள்வோம். அதைச் சுருங்கிய வடிவில் த/ப என்று எழுதுங்கள், தொகுதிக்கு த, பகுதிக்கு ப. சுருங்கிய வடிவம் என்பதால் இரண்டுக்கும் 1 தவிர பொதுக் காரணி இல்லை. இந்த வரியை விட்டுவிட்டால் கடைசியில் முரண்பாடே கிடைக்காது. இருபுறமும் வர்க்கப்படுத்தினால் த² = 3ப². அதாவது த²-ஐ 3 வகுக்கிறது, எனவே த-வையும் 3 வகுக்கும். அப்புறம் த = 3க என்று போட்டால் 9க² = 3ப², அதாவது ப² = 3க², எனவே ப-வையும் 3 வகுக்கிறது. பொதுக் காரணியே இல்லை என்று சொன்னோம், இப்போது 3 வந்து நிற்கிறது. முரண்பாடு. எனவே √3 விகிதமுறா எண்.

இதில் உயிர் இருப்பது "த²-ஐ 3 வகுத்தால் த-வையும் வகுக்கும்" என்ற வரியில்தான், ஆனால் பலர் அதை யோசிக்காமலே எழுதிவிட்டுப் போகிறார்கள். 3-ஆல் வகுபடாத எண்ணுக்கு மீதி 1 அல்லது 2. இரண்டில் எதை வர்க்கப்படுத்தி 3-ஆல் வகுத்தாலும் மீதி 1, பூச்சியம் வராது. இதே நிரூபணத்தை √4-க்கு எழுதிப் பாருங்கள், சரியாக இந்த வரியில் உடையும்: 36-ஐ 4 வகுக்கும், 6-ஐ வகுக்காது. √4 என்பது 2 ஆயிற்றே, உடையத்தானே வேண்டும்!

5 + 2√3 போன்றவற்றுக்கு முழு நிரூபணத்தையும் மறுபடி எழுத வேண்டாம். அது ர என்ற விகிதமுறு எண் என்று வைத்தால் √3 = (ர − 5)/2, வலப்புறம் விகிதமுறு எண், இடப்புறம் இல்லை, முடிந்தது. ஆனால் இரண்டு விகிதமுறா எண்களைப் பெருக்கினால் விகிதமுறா எண்தான் வரும் என்று எண்ணிவிடாதீர்கள்: √2 × √8 = 4.

இப்போது √5-ஐ நீங்களே எழுதிப் பாருங்கள். 5-ஆல் வகுக்கும்போது வரும் மீதிகள் 1, 2, 3, 4. அவற்றின் வர்க்கங்களுக்கு மீதி 1, 4, 4, 1. எதிலும் பூச்சியம் இல்லை.