பேஸ் கிட்டார்ல சத்தம் வரலையா? பிக்அப் வாங்குறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சுப் பாருங்க

பேஸ்ல சத்தம் நின்னு போச்சுன்னாலோ கரகரன்னு வந்தாலோ நிறைய பேர் மொதல்ல பிக்அப் மேல தான் சந்தேகப்படுறாங்க, உடனே புது பிக்அப் என்ன விலைன்னு தேட ஆரம்பிச்சுடுறாங்க. பிக்அப்ங்கிறது ஸ்ட்ரிங் அதிர்றதை மின் சிக்னலா மாத்துற பாகம், அது அவ்ளோ லேசுல கெடாது. காந்தம், அதைச் சுத்தி தலைமுடி மாதிரி மெல்லிசான செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுத்து, அவ்ளோ தான், அதுல அசையுற பாகமே கிடையாது. தினமும் அசையுறது கேபிள் சொருகுற ஜாக்கும், வால்யூம், டோன் நாபுக்கு அடில இருக்குற பாட்டும் (பொட்டென்ஷியோமீட்டர்) தான், அதனால தேடுறதை அங்க இருந்து தொடங்கணும்.

இங்க சொல்றது பேட்டரி போடாத பேசிவ் பேஸ்க்கு, அதுலயும் ஃபெண்டர் கம்பெனியோட பிரிசிஷன் மாடல் மாதிரி வயரிங் இருக்குறதுக்கு. 1957ல இருந்து அதே ரெண்டா பிரிஞ்ச பிக்அப், ஒரு வால்யூம், ஒரு டோன், ஒரு கெப்பாசிட்டர் தான், காப்பி மாடல்களும் ஏராளமா இருக்கு.

மொதல்ல வேற கேபிள் போட்டுப் பாருங்க. அதுலயும் சரியாகலைன்னா எதையும் கழட்டாம ஒரு டெஸ்ட் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட் இது தான். நல்ல கேபிளை பேஸ்ல சொருகி, ரெண்டு நாபையும் ஃபுல்லா வச்சுட்டு, கேபிளோட மறுமுனைல நுனில ஒரு ப்ரோப், பின்னாடி இருக்குற உருளைல இன்னொரு ப்ரோப் வச்சு மல்டிமீட்டரை 20கே (20,000 ஓம்) ரேஞ்சுல போடுங்க. சுமார் 10கே ஓம் வந்தா பிக்அப் நல்லா இருக்கு, வயரும் ஜாக் வரைக்கும் வந்து சேருது. இடது ஓரத்துல வெறும் 1 காட்டுச்சுன்னா 2000கே ரேஞ்சுக்கு மாத்துங்க. இப்ப 250 பக்கம் வந்தா மீட்டர் பாக்குறது வால்யூம் பாட்டை மட்டும் தான், பிக்அப் லைன் எங்கயோ அறுந்திருக்கு. அப்பவும் 1 தான்னா ஜாக்ல வயர் விட்டுப்போச்சு. ஜீரோ வந்தா எங்கயோ ஷார்ட், உள்ள சிக்னல் போற ஹாட் வயர், எர்த் பக்கமான கிரவுண்டைத் தொட்டுட்டு இருக்கும். ரெண்டு பிக்அப் வர்ற ஃபெண்டரோட ஜாஸ் பேஸ்னா ரெண்டும் பேரலல், அதனால ரெண்டு வால்யூமும் ஃபுல்லா இருக்கும்போது மூணரை நாலுகே தான் காட்டும், பயப்படாதீங்க.

மீட்டர் வச்சபடியே கேபிளை ஆட்டிப் பாருங்க, நம்பர் குதிச்சா ஜாக் தான். நட்டு லூசாகி ஜாக் சுத்திச் சுத்தி உள்ள வயரை முறுக்கி அறுத்துடும். ஜாக் பிளேட்டைக் கழட்டி, நுனியைத் தொடுற தகட்டை லேசா உள்பக்கமா வளைச்சு விடுங்க, நட்டை இறுக்கும்போது ஜாக்கை உள்ள இருந்து பிடிச்சுக்கங்க.

அடுத்தது ஹம், அதாவது விடாம வர்ற ம்ம்ங்குற இரைச்சல். ஸ்ட்ரிங்கைத் தொட்டா ஹம் குறையுதுன்னா அது நார்மல். ஸ்ட்ரிங்கைத் தொட்டா மாறல, ஆனா ஜாக்கோட உலோகத்தைத் தொட்டா குறையுதுன்னா பிரிட்ஜுக்கு (பாடில ஸ்ட்ரிங் மாட்டுற உலோகத் தகடு) அடில போற கிரவுண்ட் வயர் விட்டிருக்கு. பிரிட்ஜைக் கழட்டி வயர் நுனியைச் சுத்தமா சுரண்டி, விரிச்சு வச்சு திரும்ப முடுக்கினா போதும். தொட்டா ஹம் கூடுதுன்னா யாரோ ஜாக்ல ஹாட்டையும் கிரவுண்டையும் மாத்திப் பத்த (சால்டர்) வச்சிருக்காங்க.

ஒண்ணு கவனமா கேளுங்க, ஸ்ட்ரிங் ஆம்போட (ஆம்ப்ளிஃபையர்) எர்த் கூட நேரா சேர்ந்திருக்கு. ஸ்ட்ரிங்லயோ மைக்லயோ ஷாக் அடிச்சா பேஸை நோண்டாதீங்க, ஆம்பை ஆஃப் பண்ணி எலக்ட்ரீஷியனை வச்சு பிளக் பாயிண்ட்ல எர்த் ஒழுங்கா இருக்கான்னு பாருங்க. ஆம்போட எர்த் பின்னை எக்காரணம் கொண்டும் வெட்டாதீங்க.

பாட் கரகரன்னா கான்டாக்ட் கிளீனரை பாட்ல வயர் சேருற கால்களுக்கு மேல இருக்குற சந்துல அடிச்சு நாபை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நல்லா திருப்புங்க, எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், தூசி ஒட்டும். அப்பவும் போகலைன்னா மாத்த வேண்டியது தான். சென்னைல இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடலாம், ஏ250கேன்னு (ஏ-ன்னா லாக், பி-ன்னா லீனியர் வகை) கேட்டு வாங்குங்க, கடைல பி தான் லேசுல கிடைக்கும், அதுவும் வேலை செய்யும், ஆனா வால்யூமைக் குறைக்கும்போது ரொம்ப நேரம் ஒண்ணுமே குறையாத மாதிரி இருந்து கடைசில சட்டுன்னு இறங்கும். கெப்பாசிட்டர் மேல 473னு போட்டிருக்கணும், எந்தப் பக்கம் வேணா மாட்டலாம்.

பத்த வைக்கிறதுக்கு முன்னாடி ஃபோன்ல நாலு பக்கமும் போட்டோ எடுத்து வச்சுக்கங்க. கால்களுக்கு 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும், ஆனா பாட் முதுகுல கிரவுண்ட் வைக்க 60 வாட் நல்லது, சின்ன அயர்னை ரொம்ப நேரம் அழுத்திப் பிடிச்சா பாட் உள்ள வெந்துடும். முதுகை உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க, ஈயம் ஆறுற வரைக்கும் வயரை அசைக்காதீங்க.

இவ்ளோ பாத்தும் பிக்அப் தான்னு தெரிஞ்சா, ஹாட் வயரை பாட்ல இருந்து கழட்டி ரெண்டு பாதியையும் தனித்தனியா அளங்க, ஒவ்வொண்ணும் 5, 6கே வரணும். ரெண்டும் சீரீஸ்ல இருக்கு, ஒண்ணு அறுந்தா மொத்தமும் போச்சு. அறுந்த பாதில லென்ஸ் வச்சு, கம்பி வெளிய வந்து சேருற ஓட்டைகளைப் பாருங்க, பெரும்பாலும் அங்க தான் விட்டிருக்கும். வெளிச்சுத்தோட நுனின்னா அரைச் சுத்து பிரிச்சு, மேல இருக்குற இனாமலை மெதுவா சுரண்டி, ஈயம் பூசி, ஒரு தொடுல பத்த வைங்க. காந்தத்தை ஒட்டி இருக்குற உள்நுனி அறுந்திருந்தா இழுத்துப் பாக்காதீங்க, அதை வெளிய எடுக்க வழியே இல்ல. கம்பியை நேரா காந்தத்து மேலயே சுத்தின பழைய பாணி பிக்அப்ல துரு ஏறி உள்சுத்தை அரிச்சுடும், கடற்கரை ஊர்ல இருக்குறவங்க இதை எதிர்பாக்கலாம், அதுக்கு ரீவைண்டிங் தான்.

திரும்ப மாட்டும்போது ஒரு பாதியோட ரெண்டு வயரும் இடம் மாறினா சத்தம் சரியா தான் வரும், ஆனா ஹம் கூடிடும், ஏன்னா ரெண்டு பாதியும் எதிரெதிரா சுத்தினதே ஹம்மை அழிக்கத்தான். ஜாஸ் பேஸ்ல ஒரு பிக்அப் மாறிட்டா ரெண்டையும் சேர்த்துப் போடும்போது அடி சத்தமே இல்லாம சன்னமா கேக்கும், ஒரு பிக்அப்போட வயரை மாத்திப் போட்டா சரியாகும்.

ஸ்ட்ரிங் கட்டுறதுக்கு முன்னாடியே ஆம்பைக் குறைச்சு வச்சு, சின்ன ஸ்க்ரூட்ரைவரால ஒவ்வொரு காந்தத்தையும் லேசா தட்டுங்க, எட்டும் ஒரே அளவுல டொக்குன்னு கேட்டா பிக்கார்டை (முன்பக்க மூடித் தகடு) மூடலாம்.