ஒருவருக்கு ஹஸ்கி, இன்னொருவருக்கு பக்: எந்த நாய் இனம் என்பதில் ஒத்துப்போகாத இருவர் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். உங்கள் சண்டை ‘எந்த நாய்’ என்பதிலா, அல்லது ஒருவர் ‘நாயே வேண்டாம்’ என்பதை இனத்தின் மேல் பழிபோட்டுச் சொல்கிறாரா? காட்டுகிற ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு குறை கிளம்பிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான். அப்படியென்றால் இனத் தேர்வை அங்கேயே நிறுத்துங்கள். பத்துப் பன்னிரண்டு வருடப் பொறுப்பை மனமில்லாதவர் தலையில் கட்டினால், அவருடைய எரிச்சலைத் தினமும் வாங்கிக்கொள்வது நாய்தான். வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே மனது என்றால் மேலே படியுங்கள்.

ஒரு வாரம் இனத்தின் பெயரே பேச்சில் வரக்கூடாது

ஆளுக்கொரு தாள் எடுத்து, நாய் வந்தபின் மனதில் ஓடும் ஒரு காட்சியைத் தனித்தனியாக எழுதுங்கள். பனியில் வண்டி இழுக்க வளர்த்த இனமான ஹஸ்கியைக் கேட்பவர் ‘விடியற்காலையில் என்னோடு ஓடி வரணும்’ என்று எழுதியிருப்பார். சப்பை மூக்குச் சின்ன நாயான பக்கைக் கேட்பவர் ‘ராத்திரி சோபாவில் மடியில் படுத்துத் தூங்கணும்’ என்று எழுதியிருப்பார். இரண்டுமே இனமல்ல, தேவை. அதை ஆறு தலைப்பில் உடைத்துக்கொள்ளுங்கள்: எடை, முடி, சத்தம், தினசரி நடை, தனியாக இருக்க வேண்டிய நேரம், புது ஆட்களிடம் நடந்துகொள்ளும் விதம்.

இப்படி உடைத்ததும் யாருமே யோசிக்காத இனம் ஒன்று உள்ளே வரும். மேலே சொன்ன ஜோடிக்கு க்ரேஹவுண்ட் பொருந்தலாம். ஓட்டத்தில் அதை மிஞ்ச ஆளில்லை, ஓடி முடித்ததும் மீதி நாளெல்லாம் தூக்கம், முடியும் குட்டை. முப்பது கிலோவை மடியில் தாங்க முடியுமா என்பது வேறு விஷயம். வீட்டில் பூனை இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும்: ஓடும் சின்னப் பிராணியைத் துரத்துவது அதன் ரத்தத்தில் ஊறியது.

கடிகாரத்தை வைத்துப் பேசுங்கள்

சண்டையை உண்மையில் தீர்ப்பது இந்தப் பகுதிதான். ஒரு நாளை மணி மணியாக எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர் போடுங்கள். ‘ரெண்டு பேரும் பார்த்துக்கலாம்’ என்று எழுதக்கூடாது. அப்படி எழுதிய வேலையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

நடை: ஹஸ்கி, பார்டர் கோலி போன்ற வேலைக்கார இனங்களுக்கு தினம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேண்டும். அதோடு மூளைக்கும் வேலை வேண்டும். லேப்ரடாருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். பக்குக்கு முக்கால் மணி நேரம் போதும், அதுவும் வெயிலில்லாத வேளையில். நடையைக் குறைத்தால் என்ன ஆகும்? சோபா பஞ்சு வெளியே வரும், தோட்டத்தில் குழி விழும், ஊளை கேட்கும். அதற்குப் பெயர் சேட்டை அல்ல, வேலையில்லாத் திண்டாட்டம்.

முடி: ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட், லேப்ரடார் மூன்றுக்கும் இரண்டு அடுக்கு ரோமம். அடி ரோமம் உதிரும் பருவத்தில் ஹஸ்கியின் தொடையில் சீப்பை ஒருமுறை இழுத்தால் கைப்பிடி அளவு பஞ்சு வரும். அடுத்த இழுப்பிலும் அவ்வளவே வரும். பல நாட்களுக்குத் தினமும் இது நடக்கும். பூடில், ஷிட்சூ வகைகளுக்குத் தரையில் முடி குறைவு, ஆனால் சீவாமல் விட்டால் சடை பிடித்துத் தோலை இழுக்கும். கிட்டத்தட்ட தினமும் சீவி, நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். ஆக, ‘முடி கொட்டாத நாய்’ கேட்பவர்தான் சீப்பையும் கையில் எடுக்க வேண்டும்.

ராத்திரி: இரண்டு மாதக் குட்டியால் சிறுநீரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வெளியே கூட்டிப்போவது யார்?

எழுதியதை இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள். நாய் இல்லாமலேயே, எழுதிய நேரத்துக்கு எழுந்து எழுதிய நேரம் நடந்துவிட்டு வாருங்கள். மூன்றாம் நாள் மழை பெய்தபோது யார் போனார், யார் போர்வையை இழுத்துக்கொண்டார் என்பதைக் குறித்து வையுங்கள். பதினைந்தாம் நாள் தாளைப் பார்த்தால், அதிக மணி நேரம் யார் பெயருக்கு எதிரே இருக்கிறதோ அவர் வாக்குக்குத்தான் எடை அதிகம். கயிற்றைப் பிடிக்கப் போகிறவரின் உடல் பலமும் கணக்கில் வரும். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர், பூனையைப் பார்த்துப் பாயும் முப்பத்தைந்து கிலோ நாயைத் தனியாக நிறுத்துவது கஷ்டம்.

ஆளுக்கு இரண்டு ‘முடியாது’

‘இந்த இனம் வேண்டாம்’ என்று மறுக்கும் உரிமை ஆளுக்கு இரண்டு முறைதான், அதற்கு மேல் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும். ‘பார்க்கப் பிடிக்கலை’ என்பது செல்லாது. ‘பக்கத்துச் சுவருக்கு அப்பால் கைக்குழந்தை இருக்கு, ஊளையிடும் நாய் முடியாது’ என்பது செல்லும். அதிலேயே பீகிள் அடிபட்டுவிடும். கூட்டமாக மோப்ப வேட்டைக்கு வளர்த்த இனம் அது, தூரத்தில் இருப்பவனுக்குக் கேட்கும்படி குரல் கொடுப்பதே அதன் வேலை.

சிறுவயதில் கடிபட்ட பயத்தால் ஒருவர் பெரிய நாயை மறுத்தால், கேலி செய்யாமல் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். அலர்ஜி விஷயத்தில் இணையத்தில் பார்க்கும் ‘அலர்ஜி தராத இனம்’ பட்டியலை நம்ப வேண்டாம். அலர்ஜியைத் தூண்டும் புரதம் நாயின் எச்சில், உதிரும் தோல் துகள், சிறுநீர் மூன்றிலும் இருக்கிறது. எந்த இனமும் விலக்கல்ல. வாங்க நினைக்கும் அதே நாயோடு மூடிய அறையில் ஒரு மணி நேரம், வேறு வேறு நாட்களில் மூன்று நான்கு முறை இருந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நடுவில் சந்திப்பது எங்கே தவறுகிறது

பெரியது ஒருவருக்கு, சின்னது ஒருவருக்கு, ஆகவே நடுத்தரம் என்று எடுத்தால் இருவருமே கேட்காத நாய் ஒன்று வீட்டில் இருக்கும். கலப்பினம் எடுத்தால் இரண்டின் நல்லதும் வரும் என்பதும் ஆசைதான். லேப்ரடாரும் பூடிலும் சேர்ந்த குட்டிகளில், ஒரே ஈற்றிலேயே ஒன்று முடி கொட்டும், இன்னொன்று கொட்டாது. இன்னும் மோசம், ஆளுக்கொன்று என்று ஒரே ஈற்றில் இரண்டு குட்டி எடுப்பது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தே வளர்ந்து, உங்கள் பேச்சைக் காதில் வாங்காமல் போக வாய்ப்பு அதிகம். பழக்கும் வேலை இரண்டு மடங்குக்கு மேல். இரண்டாவது நாய் வேண்டுமென்றால் முதல் நாய்க்கு ஒன்றரை, இரண்டு வயது ஆகட்டும்.

முகம் பார்த்து மயங்கும் கட்சிக்கு ஒரு சோதனை. பக், பிரெஞ்ச் புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாயை ஐந்து நிமிடம் விளையாட விட்டு, அருகே குனிந்து மூக்கைப் பாருங்கள். துளை வட்டமாகத் திறந்திருக்கிறதா, கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடாக இருக்கிறதா? ஒவ்வொரு மூச்சுக்கும் துளை உள்ளே இழுபட்டு, தொண்டையில் கரகரப்பு கேட்டால், அந்த நாய் மூச்சுக்கே பாடுபடுகிறது என்று அர்த்தம். ‘அழகாகக் குறட்டை விடுது’ என்று சொல்வது பல நேரம் இதைத்தான். வெயிலில் இது உயிருக்கே ஆபத்து, சிலதற்கு அறுவை சிகிச்சை வரை போகும்.

இனம் எவ்வளவு சொல்லும்?

நினைப்பதைவிடக் குறைவு. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2022-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வில், நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனம் விளக்கியது சுமார் 9 சதவீதம்தான். மோப்பம், மேய்ப்பு, ஊளை போன்ற பழைய தொழில் பழக்கங்கள் இனத்தோடு வரும். பாசமா, முரடா, பயந்தாங்கொள்ளியா என்பதை அந்தத் தனி நாயைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அதனால் இரண்டு மூன்று இனங்களில் வந்து முட்டிக்கொண்டு நின்றால், குட்டிகளை விட்டு வளர்ந்த நாய்களைப் பாருங்கள். எல்லாக் குட்டியும் அழகுதான், அது எதையும் நிரூபிக்காது. இரண்டு வயது நாயின் எடை, குரல், சுறுசுறுப்பு எல்லாம் முடிவாகிவிட்டவை, ஊகத்துக்கு வேலை குறைவு. இருவரும் சேர்ந்தே போங்கள், குறைந்தது இரண்டு தடவை, ஒன்று காலையில், ஒன்று மாலையில். காப்பகத்தில் தற்காலிகமாக வளர்க்கத் தருவார்கள் என்றால் ஒரு மாதம் வீட்டில் வைத்துப் பாருங்கள். முதல் மூன்று நாள் நாய் மிரண்டு ஒடுங்கி இருக்கும், நிஜ குணம் தெரிய மூன்று வாரமாவது ஆகும். முதல் வாரத்திலேயே ‘ரொம்ப சாது’ என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

விட்டுக்கொடுத்தவருக்கு ஈடாக ‘பேர் வைக்கிற உரிமை உனக்கு’ என்பது பத்து நிமிடச் சந்தோஷம். பிடித்த இனம் கிடைத்தவர் ராத்திரி முறையையும் காலை நடையையும் முதல் ஆறு மாதத்துக்கு ஏற்றுக்கொள்வதுதான் நியாயமான பேரம்.

குட்டிதான் என்று முடிவானால், அம்மா நாயை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டி வேண்டாம். பெரிய இனமென்றால் தாய் தந்தை இரண்டுக்கும் இடுப்பு எலும்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். போகும்போது, தேவைகளையும் வேலைப் பங்கீட்டையும் எழுதிய தாள்களைச் சட்டைப் பையில் வையுங்கள். குட்டியைக் கையில் எடுத்த அடுத்த நொடி இருவருக்கும் புத்தி போய்விடும் என்பதால், முன்பணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, ‘இன்றைக்கு வெறும் கையோடுதான் திரும்புவோம்’ என்று வண்டியில் ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.