ஆல்பா ஹீலிக்ஸ் வலஞ்சுழியா என்று பார்க்க ஒரு திருகாணி போதும்

புரதப் படத்தைப் பார்த்ததும் பலரும் தடுமாறுவது அதிலுள்ள ஆல்பா ஹீலிக்ஸ் என்ற சுருள் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதில்தான். ஒரு சாதாரணத் திருகாணியை நிமிர்த்திப் பிடியுங்கள். உங்கள் பக்கம் தெரியும் மரை இடது கீழிலிருந்து வலது மேலாக ஏறும். படத்தில் முன்னால் தெரியும் வளைவும் அப்படியே ஏறினால் அது வலஞ்சுழி. தலைகீழாகத் திருப்பினாலும் இது மாறாது, செய்து பாருங்கள். புரதங்களில் இருப்பது பெரும்பாலும் இந்த வலஞ்சுழிதான். 1951இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் குழுவினர் வெளியிட்ட கட்டுரையில் அது இடஞ்சுழியாக வரையப்பட்டிருந்தது. அதனால் உங்களுக்குக் குழம்பினால் வருத்தப்படவே வேண்டாம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள் (புரதச் சங்கிலியின் கண்ணிகள்), உயரம் 5.4 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). நான் இதைவிட 1.5 என்ற எண்ணைத்தான் மனதில் வைக்கச் சொல்வேன். ஒவ்வொரு அமினோ அமிலமும் சுருளை அவ்வளவு ஆங்ஸ்ட்ராம் உயர்த்துகிறது. 20 இருந்தால் 30 ஆங்ஸ்ட்ராம். செல் சவ்வின் கொழுப்புப் பகுதியும் ஏறக்குறைய அதே தடிமன்தான். சவ்வை ஊடுருவும் ஹீலிக்ஸ்களில் இருபதை ஒட்டிய எண்ணிக்கை அடிக்கடி வருவது இதனால்தான்.

அப்புறம் சுருளைப் பிடித்து வைக்கும் மெல்லிய ஈர்ப்பான ஹைட்ரஜன் பிணைப்பு. முதலாவது அமினோ அமிலத்தின் ஆக்சிஜன் ஐந்தாவதின் நைட்ரஜனில் உள்ள ஹைட்ரஜனோடு சேரும். விரல் விட்டு எண்ணும்போது கட்டைவிரல் ஒன்று என்றால் சுண்டுவிரல் ஐந்து, இரண்டையும் தொட்டுப் பாருங்கள். நடுவில் புரோலின் என்ற அமினோ அமிலம் வந்தால் அதன் நைட்ரஜனில் கொடுக்க ஹைட்ரஜன் கிடையாது, சுருள் அங்கே வளைந்துவிடும்.