லாட்ஜ் பங்களிப்பு நிதி: தொடங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் லாட்ஜ், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் நாலைந்து பேர் கூடினால் இப்போது பேச்சு இதில்தான் வந்து நிற்கிறது: "ராத்திரிக்கு இவ்வளவு என்று ஆளாளுக்குப் போட்டு ஒரு பொது நிதி வைப்போம். ஊரை நாமே விளம்பரம் பண்ணுவோம், ஊரையும் கெடாமல் வைத்துக்கொள்வோம்." நல்ல யோசனை. இப்படி ஒரு நிதிக்கு லாட்ஜ் உரிமையாளர் சங்கம் ஒன்றில் பல வருடம் கணக்கு பார்த்தவன் நான். அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் தீர்மான நகலை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். படித்தால், அன்றைக்கு எங்கள் சங்கம் எழுதிய வரிகளே அதே ஓட்டைகளோடு இருக்கின்றன.

சங்கத்தைப் பதிவு செய்யுங்கள், ரசீது போடுங்கள், வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து வையுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிட்டு, தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்களுக்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. இந்த ஏற்பாடு நன்றாக வேரூன்றிய இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா. 1989-இல் வெஸ்ட் ஹாலிவுட் நகரில் விடுதிகள் சேர்ந்து இப்படித் தொடங்கின. 1994-இல் வந்த ஒரு மாநிலச் சட்டம் இதற்கு இன்னும் உறுதியான வடிவம் கொடுத்தது. அங்கே மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் கட்டப்போகிற உரிமையாளர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டால்தான் நகர நிர்வாகம் வசூலுக்கான வேலையைத் தொடங்கவே முடியும். வசூலித்த பணத்தை, கட்டியவர்களுக்குப் பயன் வருகிற வேலைக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும். நம்மூரில் ஒரு சங்கத்துக்கு அப்படி வசூல் அதிகாரம் தருகிற சட்டம் இல்லை. இங்கே நடப்பது உறுப்பினர்கள் தாமாகக் கொடுக்கும் பங்களிப்பு. இந்த வித்தியாசத்தை மறக்கிற இடத்தில்தான் முதல் தவறு பிறக்கிறது.

பில்லில் 'சுற்றுலா வரி' என்று எழுதுவது

சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 265-ஆவது பிரிவு. சங்கம் வரி போட முடியாது. ஆனாலும் பில் அடிக்கிற சாஃப்ட்வேரில் 'டூரிசம் டாக்ஸ் 50' என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 1981-ஆம் வருடச் சட்டப்படி லாட்ஜ் அறைகளுக்கு ஆடம்பர வரி இருந்தது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது அது போய்விட்டது. இதெல்லாம் தெரிந்த வாடிக்கையாளர் கவுண்டரில் நின்று "இது எந்த வரி, எந்த ஜி.ஓ.?" என்று கேட்டால் வரவேற்பில் இருக்கிற பையன் என்ன பதில் சொல்வான்?

'வரி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'பங்களிப்பு' என்று போட்டாலும் சிக்கல் தீராது. ஓட்டல்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நம்முடையது வேறு பணம்தான். ஆனால் கேட்காமல் பில்லில் ஏற்றினீர்கள் என்ற புகார் அதே வழியில்தான் வரும். போதாததற்கு, பில்லில் ஏற்றிய தொகைக்கும் சேர்த்து ஜிஎஸ்டி கட்ட வேண்டும்.

வாடகையில் இருந்து லாட்ஜ்காரரே தன் கையால் கொடுக்கட்டும். விருந்தாளியின் பில்லில் இதற்கு இடம் வேண்டாம்.

அறை எண்ணிக்கைக்குக் காசு வாங்குவது

20 அறை இருந்தால் மாதம் இவ்வளவு என்று நிரந்தரமாகப் போடுவது எழுத எளிது. பிப்ரவரி, மார்ச்சில் முக்கால்வாசி அறை பூட்டிக் கிடக்கும்போது சின்ன லாட்ஜ்காரர் அந்தப் பணத்தைக் கட்ட மாட்டார். ஒருவர் நிறுத்தினால் பக்கத்து லாட்ஜும் நிறுத்தும். விற்ற ராத்திரிக்கு இவ்வளவு என்று வையுங்கள். ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் 2016 முதல் தங்கும் விருந்தாளிகளிடம் வாங்குகிற நீடித்த சுற்றுலா வரியும் ஓர் இரவுக்கு இவ்வளவு என்றுதான் இருக்கிறது. சீசன் இல்லாத மாதங்களில் அதையும் குறைத்துவிடுகிறார்கள்.

டிசம்பர் கூட்டத்துக்கு விளம்பரம் செய்வது

இந்த ஒன்றைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. மற்ற தவறுகளில் கொஞ்சம் பணமோ கொஞ்சம் மரியாதையோ போகும். இதில் நிதியே போய்விடுகிறது, போகிறபோது ஊரையும் கெடுத்துவிட்டுப் போகிறது.

எங்கள் சங்கத்தில் முதல் வருடம் சேர்ந்த பணத்தில் பெரும்பகுதி ஃப்ளெக்ஸ் போர்டுக்குப் போனது. நாகர்கோவில் ரோட்டில் வரிசையாக நட்டார்கள். எல்லா போர்டிலும் ஒரே படம்: விவேகானந்தர் பாறை, பக்கத்தில் 133 அடி வள்ளுவர் சிலை, பின்னால் சிவந்த சூரியன். வைத்தது நவம்பர் கடைசியில், சபரிமலை சீசன் தொடங்கிய பிறகு. அந்த நேரத்தில் அந்த ரோட்டில் வருகிறவர் கன்னியாகுமரிக்கு என்று முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார். அந்தப் பாறையும் சிலையும் அவர் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே பார்த்தவை. அவருக்கு அந்த போர்டு புதிதாக எதையும் சொல்லவில்லை.

டிசம்பரில் இங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று பாருங்கள். விடிகாலை ஐந்து மணிக்கு ரூம் பாய் வராந்தாவில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு "சன்ரைஸ், சன்ரைஸ்" என்று போவான். ஆறு மணிக்கு மொட்டை மாடியில் தோளோடு தோள் இடிக்கக் கூட்டம். ஆறரை வாக்கில் சூரியன் எழும், போனைத் தூக்கிப் பிடிப்பார்கள், இறங்கிவிடுவார்கள். எட்டு மணிக்குள் படகுத்துறை வரிசை தெரு வரைக்கும் நீண்டிருக்கும். 2024 டிசம்பர் 30-இல் பாறைக்கும் சிலைக்கும் இடையே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அந்த வரிசை இன்னும் நீண்டிருக்கிறது. மத்தியானத்துக்குள் பஸ் ராமேஸ்வரத்துக்கோ திருவனந்தபுரத்துக்கோ கிளம்பிவிடும். அறையைக் கழுவி விரிப்பு மாற்றுவதற்குள் அடுத்த பஸ் வந்து நிற்கும். வாசலில் தண்ணி லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். தெரு முனைத் தொட்டியில் குப்பை வழிந்து கிடக்கும்.

காலி அறை இல்லை, தண்ணீர் இல்லை, குப்பை அள்ள ஆள் பற்றவில்லை. இந்த மாதத்துக்கு இன்னும் பத்துப் பேரை அழைத்துவரத்தான் நாம் பணம் போடுகிறோமா? தீர்மானத்தின் முதல் வரியில் 'நீடித்த சுற்றுலா' என்று எழுதிவிட்டு இதைச் செய்யக் கூடாது.

மார்ச் மாதக் கூட்டத்தில் 14 அறை வைத்திருக்கிற ஒரு பெரியவர் எழுந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "கணக்குப்பிள்ளை, இந்த போர்டைப் பாத்துட்டு ஒருத்தனாவது வந்தானா? நீரே சொல்லும்." என்னிடம் பதில் இல்லை. உப்புக்காற்றில் போர்டெல்லாம் அதற்குள் வெளுத்துக் கிழிந்து தொங்கின. அடுத்த மாதம் அவர் பங்களிப்பை நிறுத்தினார். அவரைக் குறை சொல்ல முடியாது.

நம் ஊரின் குறை ஆள் வராததல்ல. வந்தவர் ஒரு ராத்திரியோடு கிளம்பிவிடுகிறார், அதுவும் எல்லாரும் ஒரே மாதங்களில் வருகிறார்கள். ஆகவே நிதி துரத்த வேண்டியது இரண்டாம் ராத்திரியை, அதுவும் சீசன் இல்லாத மாதங்களில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அறை லாட்ஜ், ராத்திரிக்குச் சராசரியாக 10 அறை போகிறது, வாடகை 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 300 அறை ராத்திரி. ராத்திரிக்கு 20 ரூபாய் என்றால் மாதம் 6,000 ரூபாய் நிதிக்குப் போகும். அந்த மாதத்தில் ஏழெட்டு அறைக்காரர்கள் கூடுதலாக ஒரு ராத்திரி தங்கினால், செலவு போக அந்தப் பணம் திரும்பிவிடும். ஏழெட்டு அறை என்பது எட்டிப் பிடிக்கக்கூடிய எண். இந்தக் கணக்கைக் காட்டினால் எந்த லாட்ஜ்காரரும் உட்கார்ந்து கேட்பார்.

இரண்டாம் நாளுக்குக் காட்ட நம்மிடம் இருப்பது கொஞ்சமா? சுசீந்திரம் தாணுமாலயன் கோயில். பக்கத்திலேயே தேரூர் குளம். சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை, குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் இறங்கும். தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனை, அதற்கு மேல் சிதறால் மலையில் சமணச் சிற்பங்கள், மாத்தூர் தொட்டிப் பாலம், திற்பரப்பு அருவி. இங்கே இரண்டு பருவமழையும் பெய்வதால் ஜூன், ஜூலையிலும் மேற்குப் பக்கம் பசுமையாக இருக்கும். இதையெல்லாம் சன்ரைஸ் பார்த்துவிட்டு இறங்கி வருகிறவரிடம் யார் சொல்கிறார்கள்?

அதற்கு பிற்பாடு நாங்கள் செய்த ஒரு வேலை பலித்தது. ஒரே தாளில் தமிழ், இந்தி, மலையாளம், வங்காளம் என நாலு மொழியில் ஒரு நாள் சுற்று வழி. எந்த பஸ், எத்தனை மணி நேரம், ஆட்டோவுக்கு எவ்வளவு, பின்பக்கத்தில் "இன்னொரு ராத்திரி தங்கினால் வாடகையில் குறைவு" என்று கையெழுத்துப் போட்ட லாட்ஜ்களின் பட்டியல். விருந்தாளி அறைச் சாவி வாங்கும்போதே கையில் கொடுக்க வேண்டும். காலி செய்யும்போது கொடுத்துப் பயனில்லை. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் குழந்தை குட்டியோடு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர் உங்களைத்தான் ஏசுவார். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் திற்பரப்பில் குளிக்கத் தடை போடுவார்கள். அன்றன்றைக்கு விசாரித்து கவுண்டரில் ஒரு சிலேட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பணம் கட்டாதவரோடு சண்டை போடுவது

வேண்டாம். தாளில் அவர் லாட்ஜ் பெயர் இருக்காது, அது போதும்.

உள்ளாட்சியின் வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்வது

குப்பையைப் பார்த்து மனம் பொறுக்காமல் சங்கமே டெம்போ பிடித்து அள்ளத் தொடங்கும். இரண்டு மாதத்தில் உள்ளாட்சி வண்டி அந்தத் தெருவுக்கு வருவது குறையும், அப்புறம் அந்தச் செலவு நிரந்தரமாக உங்கள் தலையில். லாட்ஜ்கள் உள்ளாட்சிக்குச் சொத்து வரியும் கட்டித்தான் வருகின்றன. நிதியை அதற்கு மேலான வேலைக்கு வையுங்கள். அறைக்குள் பிளாஸ்டிக் பாட்டில் போகாமல் இருக்க வராந்தாவில் குடிநீர் இயந்திரம் வைக்கலாம், சீசன் நாட்களில் மட்டும் கடற்கரைக்குக் கூடுதல் ஆள் போடலாம். உள்ளாட்சி எதைச் செய்யும், சங்கம் எதைச் செய்யும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முதல் ரூபாயைச் செலவழியுங்கள்.

ரொக்கமாக வாங்குவது

கூடவே கூடாது.

ஆடிட்டரைக் கடைசியில் கூப்பிடுவது

மேலே சொன்ன கணக்கில் 40 லாட்ஜ் சேர்ந்தால் வருடத்துக்கு 28 லட்சத்து 80 ஆயிரம். சேவைகளுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 20 லட்சம். உறுப்பினரிடம் சங்கம் வாங்கும் பணத்துக்கு வரி உண்டா என்ற கேள்வி கட்டாயம் வரும். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீத வரி, உள்ளீட்டு வரி வரவு, அதாவது தொழிலுக்கு வாங்கியவற்றில் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. சங்கம் ஜிஎஸ்டி சேர்த்து வாங்கினால் லாட்ஜ்காரருக்கு அது திரும்பக் கிடைக்காது, அவர் கைக்காசுதான். தொகையை முடிவு செய்கிற கூட்டத்திலேயே ஆடிட்டர் உட்கார்ந்திருக்கட்டும்.

முடிவுத் தேதி இல்லாமல் தொடங்குவது

கலிஃபோர்னியச் சட்டத்தில் முதல் முறை அதிகபட்சம் 5 வருடம். தொடர வேண்டுமானால் மறுபடியும் உரிமையாளர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நமக்கு 5 வருடம் அதிகம், 2 வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியைத் தீர்மானத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். மாதா மாதம் ஒவ்வொரு லாட்ஜிலும் எத்தனை அறை இரண்டாம் ராத்திரி தங்கியது என்பதை முதல் நாளில் இருந்தே குறித்து வையுங்கள். நிதி தொடங்குவதற்கு முந்தைய வருடத்து எண்ணையும் பழைய ரிஜிஸ்டரில் இருந்து எடுத்துவிடுங்கள், இப்போதே. பழைய ரிஜிஸ்டரை எடைக்குப் போட்டுவிட்டால் அப்புறம் ஒப்பிட எதுவும் இருக்காது.