கட்டுரை அனுப்பும் முன் கட்டணத்தைப் பாருங்கள்

ஆய்வு ஜர்னலுக்குக் கட்டுரை அனுப்பும் முன், அதன் ஐஎஸ்எஸ்என் (ISSN) என்ற அடையாள எண்ணை டிஓஏஜே (DOAJ) தளத்தில் போட்டுத் தேடுங்கள். எல்லாக் கட்டுரைகளையும் யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஜர்னல்களின் பட்டியல் அது. வெளியீட்டுக் கட்டணம் உண்டா, எந்த நாணயத்தில் எவ்வளவு, கட்டணத்தில் சலுகை தருவார்களா என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். கட்டணமே வாங்காத ஜர்னல்களை மட்டும் வடிகட்டியும் எடுக்கலாம். காலாப்பட்டுப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலோ சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ உதவித்தொகையை நம்பி ஆய்வு செய்பவர்களுக்கு முதலில் தேவை இதுதான்.

2003-இல் தொடங்கிய இந்த இலவசப் பட்டியலில் சேர, கட்டணம் இருந்தால் தொகையையும், இல்லையென்றால் இல்லை என்பதையும் ஜர்னல் தன் தளத்தில் வெளிப்படையாகப் போட்டிருக்க வேண்டும். அதனால், கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகு திடீரென்று நீட்டப்படும் பில்லுக்கு இங்கே இடம் குறைவு. ஆனாலும் ஜர்னலின் சொந்தப் பக்கத்திலும் தொகையை ஒருமுறை சரிபாருங்கள். கட்டணத்தை அவ்வப்போது உயர்த்துவார்கள், அப்புறம் வரி பெரும்பாலும் தனி.

சந்தா ஜர்னலில் பணம் கட்டி நம் கட்டுரையை மட்டும் திறந்துவிடும் ஹைப்ரிட் வகைக்கு இந்த வழி உதவாது. அவை இந்தப் பட்டியலுக்குள்ளேயே வராது. அதற்காக அவற்றைப் போலி என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம்.