மலையில் தெருமுனைக் கடை கிடையாது: ஹோம்ஸ்டே போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் இரவு பதினொரு மணிக்கு நாலு பேர் வீட்டுக்கு வந்து நின்றாலும் கவலையில்லை. தெருமுனையில் பரோட்டாக் கடை திறந்திருக்கும், பால் பாக்கெட்டும் முட்டையும் கிடைக்கும். இந்தப் பழக்கத்தோடேயே நாம் மலைக்கும் போகிறோம். கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் மாதிரியான ஊர்களில் ஒரு குடும்பத்தோடு தங்கப் போகும் நம்மவர்கள் செய்கிற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

நாங்களும் அப்படித்தான் போனோம். நான்கு பேர் என்று சொல்லியிருந்தோம், கிளம்பும்போது ஆறு பேர். கோடை ரோட்டில் ரயிலை விட்டு இறங்கி, வத்தலக்குண்டு வழியாக மலையேறி, ஏரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பூம்பாறைப் பக்கம் நாங்கள் தங்கவிருந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இரவு ஒன்பதரை. அந்த வீட்டு அக்கா ஏழு மணிக்கே சமையலை முடித்துவிட்டு, குழம்பு ஆறாமல் இருக்க அடுப்பில் தணலை அணையவிடாமல் காத்திருந்தார். ஆறு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம். கை கழுவப் பின்பக்கம் போனபோதுதான் பார்த்தேன்: அவரும் அவர் வீட்டுக்காரரும் அடுப்படியில் உட்கார்ந்து ஆளுக்கொரு டம்ளர் வரக்காப்பியில் பன்னைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு ஆழாக்கு போட்டிருப்பேனே தம்பி" என்றார். அந்த நேரத்தில் இன்னொரு உலை வைப்பதும் லேசான காரியமில்லை. 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நம் ஊரைவிட அதிக நேரம் பிடிக்கும்.

அதனால் போவதற்கு இரண்டு நாள் முன்பே போன் செய்து எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, என்ன சாப்பிடுவீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லிவிடுங்கள். கோழி வேண்டுமென்றால் அதையும் அப்போதே சொல்ல வேண்டும். ஒரு கிலோ கறிக்கு அவர்கள் பஸ் பிடித்துக் கொடைக்கானல் போய்வர வேண்டியிருக்கும். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள், அந்த நாட்களில் கவுச்சி சமைக்க மாட்டார்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுங்கள். மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தூரம்கூடத் தெரியாது. சொந்த வண்டி என்றால் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி விட வேண்டும். இறங்கும்போது, ஏறிய அதே கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும்.

தண்ணீர் விஷயத்தில்தான் எனக்கு மனசு ஆறவே இல்லை. லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு பக்கெட்டில் குளித்து, அந்தத் தண்ணீரையே கழிவறைக்கு ஊற்றத் தெரிந்தவர்கள். மலையில் ஓடையைப் பார்த்ததும் அதெல்லாம் மறந்துவிடுகிறது. அந்த வீட்டுத் தொட்டிக்கு எங்கோ மேலே இருக்கிற ஊற்றிலிருந்து விரல் தடிமன் ஹோஸில் தண்ணீர் வருகிறது. தொட்டி நிறைய ராத்திரி முழுக்க ஆகும். ஆறு பேர் காலையில் வெந்நீரில் தாராளமாகக் குளித்தால், மாட்டுக்கும் பாத்திரத்துக்கும் அன்றைக்கு ஒன்றும் மிஞ்சாது. வெந்நீருக்கு எரிகிற விறகும் யாரோ தலைச்சுமையாகக் கொண்டுவந்ததுதான்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது, இதை மட்டும் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காசிமேட்டில் விடியற்காலையில் வஞ்சிரம் வாங்கி, மசாலா தடவி, தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மலைக்கு எடுத்துப்போகிற வழக்கம் நம்மிடம் உண்டு. தப்பில்லை, வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வெளியில் சுட்டுச் சாப்பிடலாம். ஆனால் சுட்டு முடித்த பிறகு, குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று அந்தக் கரியடுப்பை அறைக்குள் எடுத்துவந்து கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு படுக்கவே கூடாது. தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும், தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. இப்படிப் படுத்து எழுந்திருக்காமலே போனவர்கள் உண்டு. குளிர் தாங்கவில்லை என்றால் இன்னொரு கம்பளி கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும், ராயபுரத்து மார்கழியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, மாற்றுக் காலுறை எல்லாம் வேண்டும். பனியில் நனைந்த ஜீன்ஸ் இரண்டு நாளானாலும் காயாது.

ராத்திரி எட்டு மணிக்கு ஊர் அடங்கிவிடும். ஸ்பீக்கர் வேண்டாம், பள்ளத்தாக்கில் சத்தம் எதிர்ப்பக்கத்து வீடு வரைக்கும் போகும். இருட்டின பிறகு தனியாக நடக்கவும் வேண்டாம். காட்டு மாடு சாதுவாக மேய்வது போலத்தான் தெரியும். செல்பிக்குக் கிட்டே போனவர்களை முட்டித் தூக்கியிருக்கிறது.

படிப்படியாக இறங்கும் பூண்டு, கேரட் பாத்திகளைப் பார்த்ததும் உள்ளே இறங்கிப் படம் எடுக்கத் தோன்றும். வரப்பு ஓரத்தில் கால் வைத்தால் ஈர மண் அப்படியே சரியும். மேலேயிருந்து ஒரு கூடை மண் சரிந்தால் கீழே ஒரு வரிசைப் பயிர் புதைந்துவிடும். கேட்டுவிட்டுப் போனால் அவர்களே எங்கே மிதிக்கலாம் என்று காட்டுவார்கள்.

ஐந்து லிட்டருக்குக் குறைவான தண்ணீர் பாட்டில் கொடைக்கானல் மலையில் தடை, பிடித்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். பணமும் கையில் இருக்கட்டும், சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது. பேசிய வாடகையைக் கிளம்பும் நேரத்தில் குறைக்கச் சொல்லாதீர்கள்.

அப்புறம், திரும்பும்போது அவர்களிடமே பூண்டு வாங்குங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, காரமும் வாசமும் அலாதி. பிளாஸ்டிக் பையில் கட்டினால் வழியிலேயே வியர்த்துவிடும். சாக்குப் பையில் எடுத்துவந்து, நம் ஊர்ப் புழுக்கத்துக்கு, காற்றாடும் இடத்தில் தண்டோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிடுங்கள்.